மாறு பிடுங்கும் கெடு

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருவழியில் வண்டலூரை அடுத்துள்ள ஊரப்பாக்கம் முதல் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரக் கடற்கரை வரை பரந்துள்ள நிலம், ஏரிப் பாசனத்தில் நெல் விளைத்த நாடாகவே வரலாற்றில் அறியப்படுகிறது; பருத்தி இங்கு பெரும்பயிராக இருந்ததில்லை. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர் சதுரங்கப்பட்டினத்தில் பண்டகசாலை அமைத்துத் துணி ஏற்றியபோதும், அடுத்த நூற்றாண்டின் முற்பகுதியில் ஆஸ்டெண்ட் கும்பினியார் கோவளத்தில் வந்திறங்கியபோதும், இக்கடற்கரையின் தறிகளுக்கு வேண்டிய பஞ்சு பெரும்பாலும் உள்நாட்டிலிருந்தே வந்தது. ஆயினும் தமிழகத்துப் பருத்திப் பூச்சிகளின் வரலாற்றை எழுத முற்படுவோர் செங்கல்பட்டு மாவட்டத்தைத் தவிர்த்துவிட இயலாது. அன்று அம்மாவட்டத்தில் அடங்கியிருந்த சைதாப்பேட்டையில் 1860களில் அரசு அமைத்த சோதனைப் பண்ணையையும் அதையொட்டி எழுந்த வேளாண் பள்ளியையும் மூலமாகக் கொண்ட கல்வி நிறுவனமே, 1906இல் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்து, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. காய்ப்புழுவைப் பற்றியும் தண்டைத் துளைக்கும் வண்டைப் பற்றியும் இம்மாநிலத்தில் நடந்த ஆய்வுகளில் பெரும்பகுதி அந்த மரபைச் சேர்ந்தது.

ஒரு பூச்சியினம் ஒரு நஞ்சுக்கு எவ்வளவு எளிதில் மடியும் என்பதை அதன் ஆட்படும் தன்மை என்று பூச்சியியலார் குறிப்பர். மருந்தடிப்பவர் இதனை நஞ்சின் வலிமை என்றே எண்ணிக்கொள்கிறார்; உண்மையில் இது பூச்சிக் கூட்டத்தின் இயல்பு, அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறக்கூடிய இயல்பு. கூட்டத்தில் அரிதாக உள்ள சில பூச்சிகள் பிறவியிலேயே நஞ்சைத் தாங்குபவையாக இருக்கும். மற்றவை மடிந்தபின் இவையே இணைசேர்ந்து பெருகுவதால், சில ஆண்டுகளில் அதே நஞ்சு, அதே அளவில் அடித்தும், பயனற்றுப் போகிறது. ஆகவே ஆட்படும் தன்மை என்பது பயன்படுத்தப் பயன்படுத்தக் குறையும் ஒரு வளம். பூச்சி வரப்பைப் பார்த்துப் பறப்பதில்லையாதலால் தனி உழவர் எவருக்கும் உரியதாகாத பொதுவளமும்கூட. இந்தியப் பருத்தியின் கடந்த நூறாண்டு வரலாறு, இந்தப் பொதுவளத்தை யார் எந்த ஏற்பாட்டின்கீழ் செலவிட்டனர் என்பதன் வரலாறாகவும் அமைகிறது.

பருத்திக் காயைத் தாக்கும் புழுக்களில் தமிழகத்தில் மூன்று முதன்மையானவை: மேனியில் புள்ளிகள் கொண்ட புள்ளிக் காய்ப்புழு, அமெரிக்கன் காய்ப்புழு எனப்படும் பச்சைக் காய்ப்புழு, காய்க்குள்ளேயே வாழும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு. இவற்றுள் கடைசியாகச் சொன்னதே இக்கட்டுரையின் மையம். இதனை அறிவியல் உலகம் முதன்முதலாக அறிந்தது இந்தியாவிலிருந்துதான். குஜராத்தின் புரோச் நகரில், அதாவது இன்றைய பரூச்சில், கிழக்கிந்தியக் கும்பினி அரசு பயிரிட்டுப் பார்த்த அமெரிக்கப் பருத்தியை இப்புழு பெரிதும் அழித்ததால், அங்கிருந்து அனுப்பப்பட்ட மாதிரிகளைக் கொண்டு சாண்டர்ஸ் என்ற ஆங்கிலப் பூச்சியியலர் 1840களில் அதற்கு இனப்பெயர் சூட்டினார். அதே பத்தாண்டில் கோயம்புத்தூரிலும் தாவரவியலர் ராபர்ட் வைட்டின் மேற்பார்வையில் அமெரிக்கப் பருத்தி சோதிக்கப்பட்டது. வெளிநாட்டுப் பருத்தியும் உள்நாட்டுப் புழுவும் சந்தித்ததன் விளைவு அப்போதே தெரிந்திருந்தது. அதற்குரிய கவனம்தான் கிடைக்கவில்லை.

கருங்கண்ணி, உப்பம் போன்ற நாட்டுப் பருத்திகள் மானாவாரிக் கரிசலில் மழையோடு விதைக்கப்பட்டு, கோடையின் வறட்சியில் தாமாகவே முடிந்துவிடும் பயிர்கள். 1904–05 ஆண்டுவாக்கில் இந்தோசீனாவிலிருந்து கம்போடியாப் பருத்தி வந்துசேர்ந்ததும் நிலைமை மாறியது. நீண்ட இழையும் நல்ல விலையும் தந்த இந்தப் பருத்தி கிணற்றுப் பாசனத்தில் செழித்ததால் கோயம்புத்தூர் வட்டாரத்தில் விரைந்து பரவியது. பிற்காலத்தில் உகாண்டாப் பருத்தியோடு கலந்து எம்.சி.யு. வரிசை இரகங்களுக்கும் இதுவே தாயாயிற்று. ஆனால் நீர் கிடைக்கும்வரை இச்செடி நின்று காய்த்துக்கொண்டே இருக்கும். முதல் எடுப்பு முடிந்தபின் உழவர் அதை அழிக்காமல் மறுதாம்பாக விட்டு, அடுத்த பருவத்திலும் சிறிது பஞ்சு எடுக்க முற்பட்டனர். தண்டின் அடிப்பகுதியைக் குடைந்து செடியை ஒடியச் செய்யும் தண்டுக் கூன்வண்டுக்கும், காய்க்குள் வாழும் இளஞ்சிவப்புப் புழுவுக்கும் இவ்வாறு ஆண்டு முழுதும் உணவும் உறைவிடமும் கிடைத்தன.

இளஞ்சிவப்புப் புழுவின் வாழ்க்கை முறை இங்கே விளக்கத்துக்குரியது. தாய் அந்துப்பூச்சி சப்பையிலும், அதாவது விரியாத மொட்டிலும், இளங்காயிலும் முட்டையிடுகிறது. பொரித்த சில மணி நேரத்துக்குள் நூலளவே உள்ள புழு காயைத் துளைத்து உள்ளே நுழைந்துவிட, துளையும் தூர்ந்துபோவதால், வெளியிலிருந்து நோக்குபவருக்குக் காய் நலமாகவே தோன்றும். தெளிக்கும் மருந்தும் உள்ளே எட்டுவதில்லை. புழு உண்பது பஞ்சையன்று, கொட்டையை. பருவத்தின் பிற்பகுதியில் தோன்றும் புழுக்களில் ஒரு பகுதி கூட்டுப்புழுவாக மாறாமல், இரண்டு கொட்டைகளை இழையால் ஒட்டிக்கொண்டு அவற்றின் நடுவே மாதக்கணக்கில் உறங்கிக்கிடக்கும். வயலில் விடப்பட்ட உலர்ந்த காய்களிலும், விறகுக்காக அடுக்கிவைத்த மாறு எனப்படும் காய்ந்த பருத்திச் செடிகளிலும், ஜின்னிங் ஆலையின் கொட்டைக் குவியலிலும் இவ்வாறு தங்கும் புழுவே அடுத்த ஆண்டுப் பயிருக்கு முதலாகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியப் பருத்தியோடு எகிப்தை அடைந்து, அங்கிருந்து விதையோடு மெக்சிகோவுக்கும், 1917இல் டெக்சாசுக்கும் இது சென்றதும் இந்த உறக்கத்தின் துணையால்தான்.

புழுவின் வாழ்வில் காணப்படும் இந்த ஒரே தளர்ந்த கண்ணியைக் குறிவைத்தே சென்னை மாகாண அரசு செயற்பட்டது. 1919இல் நிறைவேறிய சென்னை வேளாண் பூச்சி நோய்ச் சட்டம், இந்தியாவில் இவ்வகையில் முன்னோடியானது. ஒரு பகுதியில் ஒரு பூச்சி பெருகும் அபாயம் இருப்பின், அதைத் தடுப்பதற்கான பணிகளை அரசிதழ் அறிவிப்பின் வழியே அப்பகுதி உழவர் அனைவர்மீதும் கடமையாக்கவும், செய்யத் தவறியவரின் நிலத்தில் அதிகாரிகளே அப்பணியைச் செய்து செலவை அவரிடமே வசூலிக்கவும் இச்சட்டம் இடமளித்தது. கம்போடியாப் பருத்தி விளைந்த பகுதிகளில் இதன்கீழ் விதிக்கப்பட்ட கடமை எளிமையானது: அறிவித்த நாளுக்குள் பருத்திச் செடியை வேரோடு பிடுங்கிவிட வேண்டும். அடுத்த விதைப்புவரை வட்டாரத்தில் எங்குமே பருத்தி நில்லாத இடைவெளி ஒன்றை உண்டாக்கி, உண்ண ஏதுமின்றிப் பூச்சி குறையும்படி செய்வதே இதன் கருத்து.

உழவர் இதனை விரும்பி ஏற்றனர் என்று கொள்வதற்கில்லை. செடியில் இன்னும் நாலைந்து காய் நிற்கையில் அதைப் பிடுங்கச் சொல்வது எந்தக் காலத்திலும் வெறுப்புக்குரிய ஆணையே. ஆயினும் இந்த ஏற்பாட்டின் உள்ளடக்கம் கவனிக்கத்தக்கது. இதில் நஞ்சு இல்லை. ஆகவே நஞ்சைத் தாங்கும் பூச்சியைப் பொறுக்கியெடுத்து வளர்க்கும் அபாயமும் இல்லை. மேலும் ஒருவர் வயலில் நிற்கும் செடி அடுத்தவர் வயலின் கேடு என்ற உண்மையைச் சட்டமே ஒப்புக்கொண்டது. குடியேற்ற அரசின் நோக்கம் ஆலைகளுக்கு நல்ல பஞ்சு சேர்ப்பதுதான் என்பது வெளிப்படை, எனினும் டி. வி. இராமகிருஷ்ண ஐயர் போன்ற கோயம்புத்தூர்ப் பூச்சியியலர் தலைமுறை, பூச்சியின் வாழ்க்கை வட்டத்தை வயலில் இருந்து கற்று, அதனடிப்படையில் பரிந்துரை செய்யும் மரபை உருவாக்கியது.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் டி.டி.டி.யும் அதைத் தொடர்ந்து பிற செயற்கைப் பூச்சிக்கொல்லிகளும் வந்தபின், பிடுங்கும் கெடு மெல்ல மறைந்தது. 1970இல் குஜராத்தில் சி. டி. படேல் உருவாக்கிய எச்-4, உலகில் வணிக முறையில் பயிரிடப்பட்ட முதல் வீரிய ஒட்டுப் பருத்தியாகும். இவ்வகை ஒட்டுகள் உரத்தையும் நீரையும் வேண்டி, வயலில் நெடுநாள் நின்று, பூச்சிக்கு நல்ல விருந்தாயின. 1980களின் தொடக்கத்தில் வந்த செயற்கைப் பைரித்திராய்டு மருந்துகள் முதல் சில ஆண்டுகள் வியக்கத்தக்க பலன் தந்தன. 1987இல் ஆந்திரத்தின் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் பச்சைக் காய்ப்புழு அம்மருந்துகளுக்கு மடியாமல் பயிரை அழித்தபோது, கடன்பட்ட உழவர் பலர் உயிரை மாய்த்துக்கொண்டனர். நாட்டின் சாகுபடிப் பரப்பில் சுமார் 5 விழுக்காடே கொண்ட பருத்தி, பூச்சிக்கொல்லிப் பயன்பாட்டில் ஏறக்குறையப் பாதியை விழுங்கிய காலம் அது. பி.டி. பருத்தி பின்னாளில் பெற்ற வரவேற்பை இந்தத் துயரத்தை நினையாமல் மதிப்பிடுவது நேர்மையாகாது.

பி.டி. என்பது பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண்வாழ் பாக்டீரியாவின் சுருக்கம். 1901இல் ஜப்பானின் இஷிவாட்டா நோயுற்ற பட்டுப்புழுவில் இதைக் கண்டார். 1911இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் பெர்லினர் மாவு அந்துப்பூச்சியின் புழுவிலிருந்து பிரித்தெடுத்து, பின்னர்த் துரிஞ்சியா மாநிலத்தின் பெயரால் அதற்குப் பெயரிட்டார். இந்த பாக்டீரியா தன்னுள் படிகமாகச் சேர்க்கும் புரதம், புழுவின் காரத்தன்மை கொண்ட குடலில் கரைந்து, அங்குள்ள நொதிகளால் வெட்டப்பட்டு வீறுபெற்று, குடற்சுவரின் உயிரணுக்களில் உள்ள குறிப்பிட்ட ஏற்பிகளைப் பற்றிக்கொண்டு துளையிடுகிறது. பூட்டுக்கு ஏற்ற சாவி போல ஏற்பி பொருந்தினால்தான் நஞ்சு வேலைசெய்யும். மனிதக் குடலில் அவ்வேற்பிகள் இல்லை. ஏற்பியின் வடிவம் சற்று மாறிவிட்டாலும் புழு பிழைத்துக்கொள்ளும் என்பதும் இதே விளக்கத்திலிருந்து பெறப்படும்.

இப்புரதத்தை உண்டாக்கும் மரபணுவைப் பருத்திச் செடிக்குள்ளேயே செலுத்திய விதையை, மாஹிகோ நிறுவனம் மான்சான்டோவின் தொழில்நுட்பத்தோடு உருவாக்க, மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு 2002 மார்ச் மாதத்தில் மூன்று ஒட்டுகளுக்கு ஒப்புதல் அளித்தது. அதற்கு முந்தைய ஆண்டே குஜராத்தில் ஒப்புதல் பெறாத நவபாரத் 151 வயல்களில் நின்றது என்பதும் வரலாற்றின் ஒரு பகுதி. 2004இல் சேலம் மாவட்டம் ஆத்தூரைச் சேர்ந்த ராசி விதை நிறுவனத்தின் ஆர்.சி.எச்.-2 பி.டி. ஒட்டு ஒப்புதல் பெற்றபின் தமிழகத்திலும் இவ்விதை வேகமாகப் பரவியது. முதல் தலைமுறை விதையில் கிரை 1ஏசி என்ற ஒரு புரதமும், 2006இல் வந்த இரண்டாம் தலைமுறையில் அதனுடன் கிரை 2ஏபி என்ற மற்றொன்றும் இருந்தன. பத்தாண்டு கழிவதற்குள் நாட்டின் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பி.டி. ஒட்டுகளே நின்றன.

விதை பரவுமுன்னரே சில ஆய்வாளர் ஒரு முன்னேற்பாட்டைச் செய்தனர். நாக்பூர் மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. ஆர். கிராந்தி உள்ளிட்டோர், பல மாநில வயல்களிலிருந்து காய்ப்புழுக்களைத் திரட்டி, ஆய்வகத்தில் செயற்கை உணவில் நஞ்சைப் பல அளவுகளில் கலந்து அவற்றின் குஞ்சுகளுக்கு ஊட்டி, பாதிப் புழுக்களைக் கொல்லத் தேவையான செறிவு எவ்வளவு என்று கணக்கிட்டனர். இதற்கு அடிநிலை அளவீடு என்று பெயர். பின்னாளில் புழு மாறிவிட்டதா என்று அறிய வேண்டுமாயின் மாறுவதற்கு முன் எப்படி இருந்தது என்ற கணக்கு கையில் இருந்தாக வேண்டும். ஓரிடத்துப் புழுவுக்கும் மற்றோரிடத்துப் புழுவுக்கும் இயல்பாகவே பல மடங்கு வேறுபாடு இருப்பதை அந்த ஆய்வுகள் காட்டின. செடியின் எல்லாப் பகுதியிலும் நஞ்சு ஒரே அளவில் இல்லை, வயது ஏற ஏறக் குறைகிறது என்பதையும் கிராந்தி குழுவினர் 2005இல் வெளியிட்டனர்.

ஆட்படும் தன்மையைக் காக்க அரசு விதித்த நிபந்தனை புகலிடப் பயிர் என்பதாகும். பி.டி. பருத்தியைச் சுற்றி ஐந்து வரிசையோ, பரப்பில் 20 விழுக்காடோ, எது மிகுதியோ அந்த அளவுக்கு நஞ்சற்ற பருத்தியை விதைக்க வேண்டும். அங்கு உயிர்தப்பும் சாதாரணப் பூச்சிகள், நஞ்சைத் தாங்கிப் பிழைத்த அரிய பூச்சிகளோடு இணைசேர்வதால், பிறக்கும் குஞ்சுகள் மீண்டும் நஞ்சுக்கு ஆட்படும். இதற்கென 450 கிராம் பி.டி. விதைப் பையுடன் 120 கிராம் சாதாரண விதைப் பொட்டலம் ஒன்றும் சேர்த்தே விற்கப்பட்டது. அந்தச் சிறு பொட்டலத்தை விதைத்தவர் மிகச் சிலரே. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் தம் நிலத்தின் ஐந்தில் ஒரு பங்கைப் புழுவுக்கென ஒதுக்க வேண்டும், பலனோ ஊர் முழுவதற்கும் பல ஆண்டு கழித்து வரும் என்னும் ஏற்பாட்டில், விதைக்காதவரைக் குறைகூறுவது எளிது. ஆனால் பொதுவளத்தைக் காக்கும் பொறுப்பை எவ்விதக் கண்காணிப்புமின்றி ஒரு பொட்டலத்திடம் ஒப்படைத்தவர்களின் அலட்சியமே பெரிது.

விளைவு முதலில் குஜராத்தில் தெரிந்தது. 2008இல் அம்ரேலி மாவட்டத்தில் திரட்டிய இளஞ்சிவப்புப் புழுக்கள் கிரை 1ஏசி நஞ்சைத் தாங்குவதை துருவா, குஜார் ஆகிய ஆய்வாளர்கள் ஆய்வகச் சோதனையில் கண்டு 2011இல் வெளியிட்டனர். அதற்கு முன், 2010இல், அம்ரேலியோடு பாவ்நகர், ஜூனாகத், ராஜ்கோட் மாவட்டங்களிலும் இந்நிலை உள்ளதை மான்சான்டோ நிறுவனமே ஒப்புக்கொண்டது. இந்தியப் புழுக்களில் கேடரின் என்ற குடல் ஏற்பியின் மரபணு பல்வேறு வகையில் சிதைந்திருப்பதை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டாம் நஞ்சும் நெடுநாள் தாக்குப்பிடிக்கவில்லை. 2015இல் குஜராத்திலும் 2017இல் மகாராட்டிரத்திலும் இரட்டை நஞ்சுப் பருத்தியின் காய்களுக்குள்ளேயே இளஞ்சிவப்புப் புழு நெளிந்தது.

ஒரே வயலில், ஒரே நஞ்சை எதிர்கொண்ட பச்சைக் காய்ப்புழு இவ்வளவு விரைவில் மாறவில்லை என்பது சிந்தனைக்குரியது. அது துவரையிலும் கொண்டைக்கடலையிலும் தக்காளியிலும் வளரும். யாரும் விதிக்காமலேயே நாடெங்கும் அதற்குப் புகலிடப் பயிர் இருந்தது. இளஞ்சிவப்புப் புழுவோ ஏறக்குறையப் பருத்தியை மட்டுமே நம்பி வாழ்வது. ஆகவே எதிர்கொண்டதெல்லாம் நஞ்சுள்ள செடியே. இதோடு இந்தியாவுக்கே உரிய மற்றொரு காரணமும் சேர்ந்தது. பிற நாடுகள் பெரும்பாலும் பி.டி. மரபணுவை நிலையான இரகங்களில் பயிரிட, இந்தியா ஒட்டு விதைகளிலேயே பயிரிட்டது. ஒட்டுச் செடியில் அம்மரபணு ஒரு பெற்றோர் வழியே மட்டும் வருவதால், அதன் காய்க்குள் இருக்கும் கொட்டைகளில் சில நஞ்சுள்ளவை, சில நஞ்சற்றவை. கொட்டையைத் தின்னும் புழுவுக்குக் கொல்லும் அளவு நஞ்சு கிடைக்காமல், பழக்கும் அளவே கிடைக்கிறது என்பது கிராந்தி போன்றோரின் வாதம். ஆனால் சீனாவின் யாங்சி ஆற்றுப் பள்ளத்தாக்கில் உழவர் ஒட்டுகளின் இரண்டாம் தலைமுறை விதையை விதைத்ததால் வயலில் நான்கில் ஒரு செடி நஞ்சற்றதாக அமைந்து, அங்கே இளஞ்சிவப்புப் புழுவின் எதிர்ப்பு பின்வாங்கியது என்று 2017இல் சீன, அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்டனர். கலப்பு காய்க்குள் நிகழ்கிறதா, செடிகளுக்கிடையே நிகழ்கிறதா என்பதில்தான் நன்மையும் தீமையும் பிரிகின்றன போலும்.

அமெரிக்காவின் அரிசோனாவில் 1996 முதல் பி.டி. பருத்தி விதைத்த உழவர், புகலிடப் பயிரை ஒழுங்காக விதைத்துப் பத்தாண்டு புழுவின் ஆட்படும் தன்மையைக் காத்தனர். 2006 முதல் மலடாக்கிய அந்துப்பூச்சிகளைக் கோடிக்கணக்கில் வானிலிருந்து விடுத்தும், அறுவடை முடிந்ததும் மாறை அழித்தும், 2018இல் தம் நாட்டின் பருத்திப் பகுதிகளிலிருந்து இப்புழு ஒழிந்ததாக அறிவிக்கும் நிலையை எட்டினர். பெரும்பண்ணைகளும் உழவர் தாமே வரி செலுத்தி நடத்தும் அமைப்பும் உள்ள அந்நாட்டு முறையைச் சிறுநிலத் தமிழகத்தில் அப்படியே பின்பற்ற இயலாது.

இந்தியாவில் 2020 முதல் சாதாரண விதையைத் தனிப் பொட்டலமாகத் தராமல், பி.டி. விதையுடன் 5 முதல் 10 விழுக்காடு கலந்தே தருகின்றனர். உழவரின் விருப்பத்துக்கு இதில் இடமில்லை. வளத்தைச் செலவிட்டபின் வந்த திருத்தம் இது. இன்னொரு புறம், மகாராட்டிரத்தில் ஜூன் மாதத்துக்கு முன் பருத்தி விதை விற்கக் கூடாதென்ற ஆணை வந்தது. பருத்தியை நவம்பர், டிசம்பரோடு முடித்து, மாறை உடனே அழிக்குமாறு நாக்பூர் நிறுவனம் பரிந்துரைக்கிறது. பருத்தியில்லா இடைவெளியை உண்டாக்கும் சென்னைச் சட்டத்தின் கருத்தே, ஒரு நூற்றாண்டு கழித்து, மறுமுனையிலிருந்து வருகிறது: அன்று செடியைப் பிடுங்க நாள் குறித்தனர், இன்று விதையை விற்க நாள் குறிக்கின்றனர்.

1919ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டின் பெயரில் இன்றும் உள்ளது. ஆனால் அதை மீண்டும் பயன்படுத்துவது சொல்லளவில் இருப்பதைவிடக் கடினம். தமிழகத்தில் ஆகஸ்டு, செப்டம்பரில் இறவைப் பருத்தி விதைக்கப்படுகிறது; செப்டம்பர், அக்டோபரில் விருதுநகர், தூத்துக்குடிக் கரிசலில் மானாவாரி விதைப்பு நடக்கிறது; சனவரி, பிப்ரவரியில் காவிரிப் படுகையில் நெல் அறுத்த தரிசில் பருத்தி இடப்படுகிறது; அதையடுத்துக் கோடை இறவைப் பருத்தி வருகிறது. ஒரு வட்டாரத்தில் மாறு பிடுங்கும் வேளையில் அடுத்த வட்டாரத்தில் சப்பை கட்டுகிறது. முன்னதன் கொட்டை லாரியேறிப் பின்னதன் ஜின்னிங் ஆலைக்கே சென்று சேர்கிறது. மாநிலம் முழுவதற்கும் ஒரே கெடு என்பது இங்கே நடவாது. வட்டாரம் வட்டாரமாக அரசிதழில் அறிவிக்கும் பழைய முறைதான் இதற்குப் பொருந்தும். அதிலும் வயலோடு ஆலை முற்றத்தையும் சேர்த்து, கொட்டைக் குவியலில் தங்கும் புழுவை அழிக்கும் கடமையையும் விதித்தாக வேண்டும். பழைய அறிவிப்புகளில் செடியைப் பிடுங்கும் பொறுப்பு உழவர்மேல் விழுந்தது. ஆலைகள் மாவட்ட எல்லைகளைத் தாண்டிக் கொள்முதல் செய்யும் இன்றைய நிலையில், அடுத்த அறிவிப்பு யாரைக் கடமைப்படுத்த வேண்டும் என்பது இன்னும் முடிவாகாத கேள்வி.